நட்சத்திரச் சீட்டு

மின்சாரத்தால் இயங்கும் சாமான்களின்மீது ஒட்டப்படும் நட்சத்திரச் சீட்டைக் குறித்து இன்று சில வார்த்தைகள் எழுத முற்படுகிறோம். இது கடைத்தெரு விவகாரமாயிற்றே, தேசகாரியங்களை ஆராயும் பத்திரிகையில் இதற்கென்ன இடமென்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். ஒரு குடும்பம் விளக்குக்கும் விசிறிக்கும் செலுத்தும் பணத்தில் எவ்வளவு வீணாகிறது, அவ்வீண் செலவைத் தடுக்கும் வழியை அக்குடும்பத்துக்கு ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கும் கடமை யாருடையது என்னும் கேள்வி கடைத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. அது அனல்மின் நிலையம் வரைக்கும், நிலக்கரிச் சுரங்கம் வரைக்கும், சர்க்காரின் கஜானா வரைக்கும் போய்ச் சேருகிறது.

பூர்வ விருத்தாந்தம் சுருக்கமானதே. 2001ஆம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சு 1ந் தேதி எரிசக்தித் திறன் பணியகம் என்ற ஸ்தாபனம் மத்திய சர்க்காரின் மின்சார மந்திரிப் பொறுப்பின்கீழ் ஏற்பட்டது. 2006 மே மாதத்தில் சீட்டு முறை ஆரம்பமாயிற்று. ஆதியில் இஷ்டப்பட்ட கம்பெனிகள் ஒட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. 2010 ஜனவரி முதல் குழல் விளக்கு, ஏ.ஸி. யந்திரம், உறைபனி கட்டாத குளிர்ப்பெட்டி, மின்பகிர்மான டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றுக்கு அது நிர்ப்பந்தமாயிற்று. ஏழை வீட்டிலும் சுழலும் கூரை மின்விசிறிக்கு அந்நிர்ப்பந்தம் வந்து சேர 2023 ஜனவரி 1ந் தேதி வரையில் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. பணக்காரர் அறையைக் குளிர்விக்கும் யந்திரத்துக்கு முதலிலும், எல்லோர் வீட்டிலும் ஓடும் விசிறிக்குப் பதின்மூன்று வருஷங்கள் கழித்தும் விதி செய்யப்பட்ட வரிசையை நேயர்கள் கவனிப்பார்களாக.

இப்பொழுது எங்கும் கேட்கப்படும் கூக்குரல், விதிகள் மிகுந்துவிட்டன, அவற்றை எளிதாக்க வேண்டும் என்பது. சாமான் செய்வோர் அப்படிச் சொல்லுகிறார்கள், விற்போர் சொல்லுகிறார்கள், வாங்குவோரும் சொல்லுகிறார்கள். மூவரும் ஒரே வார்த்தையைச் சொன்னபோதிலும் மூவருடைய கருத்தும் ஒன்றன்று. வாங்குகிறவர் கேட்பது தமக்கு விளங்கும்படியான சீட்டு. செய்கிறவர் கேட்பது, யோக்கியமான இடத்தில், தமது வேலையைக் கெடுக்காத விதி. அயோக்கியமான இடத்தில், தம்மை ஒருவரும் வந்து பாராத விதி. எளிமை என்ற ஒரே துணியைப் போர்த்திக்கொண்டு வருகிற இவ்விரண்டு கோரிக்கைகளையும் பிரித்தறிவதே இவ்விஷயத்தில் நமது முதல் வேலை.

வாங்குகிறவரின் கஷ்டத்தை முதலில் பார்ப்போம். ஐந்து நட்சத்திரமென்றால் உத்தமம், ஒன்று என்றால் அதமம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அது மெய்தானா? ஏ.ஸி. யந்திரத்துக்கு 2022 ஜூலை மாதம் அமலுக்கு வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஒரு யந்திரம் ஒரு பருவத்தில் வெளியேற்றும் வெப்பத்தை அது உண்ணும் மின்சாரத்தால் வகுத்து ஓர் எண் காண்கிறார்கள். எண் பெரிதானால் யந்திரம் சிக்கனமானது. அவ்வட்டவணையில், ஜன்னலில் பொருத்தும் யந்திரத்துக்கு இவ்வெண் 3.50 இருந்தால் ஐந்து நட்சத்திரம். உள்ளும் புறமுமாக இரு பாகமாய்ப் பிரிந்த யந்திரத்துக்கோ அதே 3.50க்கு இரண்டு நட்சத்திரங்களே கொடுக்கப்பட்டன. ஐந்து பெற 5.00 வேண்டியிருந்தது. ஒரே கடையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு யந்திரங்களில் ஐந்து நட்சத்திரமுள்ளதும் இரண்டு நட்சத்திரமுள்ளதும் ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரே அளவு குளிர்ச்சியைத் தரலாம் என்பது இதன் பொருள். ஜன்னல் யந்திரம் சிறு கூட்டுக்குள் அடைபட்டது, அதனிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும் என்று நிபுணர்கள் சமாதானம் சொல்லுவார்கள். சமாதானம் சரியே. ஆனால் அந்தச் சமாதானம் சீட்டில் அச்சிடப்படவில்லையே! கடைக்கு வருகிற மனிதர் நட்சத்திரங்களை எண்ணுவாரா, யந்திர சாஸ்திரம் படிப்பாரா?

குளிர்ப்பெட்டியிலும் இக்கதையே. பெட்டியின் கொள்ளளவுக்குத் தக்கபடி தரம் பிரிக்கிறார்கள். ஆகையால் பெருத்த பெட்டி ஐந்து நட்சத்திரம் பெற்றும், மூன்று நட்சத்திரமுள்ள சிறிய பெட்டியைக் காட்டிலும் அதிக மின்சாரம் உண்ணக்கூடும். பெரிய பெட்டி வாங்கினவர் தாம் சிக்கனம் செய்துவிட்டதாக மகிழ்ந்திருப்பார். இரண்டு மாதம் கழித்து வரும் கணக்கு அம்மகிழ்ச்சியைக் கலைத்துவிடும்.

இன்னொரு சங்கடம் காலத்தைப் பற்றியது. யந்திரங்கள் அபிவிருத்தி அடைய அடைய, நட்சத்திரத்தின் அளவுகோலைப் பணியகத்தார் உயர்த்திக்கொண்டு வருகிறார்கள். இது அவசியமான காரியமே. 2018 ஜனவரி முதல் இரு பாக ஏ.ஸி.க்கு 4.50 இருந்தால் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலைக்குப் பின் அதே யந்திரம் நான்குக்கு இறங்கிற்று. 2026 ஜனவரியில் படி மறுபடியும் உயர்ந்தது. யந்திரத்தில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. மதிப்பு மாத்திரம் மாறிற்று. சீட்டில் எந்த வருஷம் வரையில் அது செல்லும் என்பதை அச்சிட்டிருக்கிறார்கள். ஆயினும் அதைத் தேடிப் படிக்கிறவர் நூற்றில் எத்தனை பேர்? பழைய சரக்கைத் தள்ளிவிடத் துடிக்கும் வியாபாரி அவ்வெழுத்தைச் சுட்டிக்காட்டுவார் என்று நம்புவதற்கில்லை.

ஐரோப்பியருக்கும் இவ்வித அனுபவம் உண்டு. அவர்கள் 1992ஆம் வருஷத்து உத்தரவின்படி சீட்டு முறையைத் தொடங்கியபோது ஏ முதல் ஜி வரையில் ஏழு எழுத்துக்கள் வைத்தார்கள். சில வருஷங்களில் பெரும்பாலான சாமான்கள் ஏ வகுப்பை எட்டிவிட்டன. அளவுகோலைத் திருத்துவதற்கு மனமில்லாமல், ஏ என்ற எழுத்தின் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும், பிறகு இரண்டும், பிறகு மூன்றும் சேர்த்தார்கள். கடையில் எதைப் பார்த்தாலும் ஏ என்றே காணப்பட்டது; வெறும் ஏ என்பது மட்ட ரகம் என்று தெரிந்தவர் சிலரே. எல்லாப் பிள்ளைகளும் முதல் வகுப்பில் தேறிவிட்ட பள்ளிக்கூடத்தில் பரீக்ஷை எதற்கு? கடைசியில் 2017ஆம் வருஷத்து விதியின் மூலம் கூட்டல் குறிகளையெல்லாம் துடைத்தெறிந்து, 2021 மார்ச்சு 1ந் தேதி முதல் குளிர்ப்பெட்டி, சலவை யந்திரம், பாத்திரம் கழுவும் யந்திரம், டெலிவிஷன் ஆகியவற்றுக்குப் பழையபடி ஏ முதல் ஜி வரையில் புதிய சீட்டு ஒட்டச் செய்தார்கள். முன்பு மூன்று கூட்டல் குறிகளோடு நின்ற சாமான்கள் பல, புதுச் சீட்டில் நடு வரிசைக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிட்டன. கம்பெனிகள் முணுமுணுத்தன, ஆனால் உண்மை வெளிவந்தது.

அப்புதுச் சீட்டில் நாம் கைக்கொள்ளத்தக்க ஓர் அம்சம் இருக்கிறது. சலவை யந்திரத்துக்கு நூறு தடவை துவைப்பதற்கு எவ்வளவு யூனிட் என்றும், டெலிவிஷனுக்கும் விளக்குக்கும் ஆயிரம் மணி நேரத்துக்கு எவ்வளவு யூனிட் என்றும் அதில் காட்டுகிறார்கள். வருஷத்துக்கு இத்தனை என்று சொல்லி, அந்த வருஷத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளும் வழக்கத்தை இச்சாமான்கள் விஷயத்தில் விட்டுவிட்டார்கள்.

நமது ஏ.ஸி. சீட்டின் கணக்கோ 1600 மணி நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. 24 டிகிரி முதல் 43 டிகிரி வரையில் வெளியே வெயில் அடிக்கும் நாழிகைகளை நாடு முழுவதற்குமாகச் சராசரி எடுத்து அத்தொகையை வகுத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் 200 நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஏ.ஸி. வாங்கிய ஒருவர் வருஷத்தில் 300 நாட்கள் பத்து மணி வீதம் ஓட்டுவாரானால் அவருடைய கணக்கு 3000 மணி ஆகிறது. சீட்டில் கண்ட யூனிட்டை நம்பி அவர் போட்ட கணக்கும், மின்சார வாரியம் அனுப்பும் கணக்கும் எட்டாத தூரத்தில் நிற்கும். அவர் சீட்டைப் பொய்யென்று வைவார். சீட்டு பொய் சொல்லவில்லை. அது வேறொரு ஊரைப் பற்றிச் சொல்லிற்று.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரு மாதத்துக்கொருமுறை கணக்கெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக ஏற்பட்டிருக்கிறது. கட்டண விகிதமும் ஏணிப்படி போன்றது. மேலே ஏற ஏற யூனிட் ஒன்றின் விலை கூடுகிறது. ஆகவே நமது குடும்பஸ்தர் அறிய வேண்டுவது, இந்தச் சாமான் தம்மை எந்தப் படியில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதே. சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் உண்ணுகிறது. பி.எல்.டி.ஸி. என்று சொல்லப்படும் புது மோட்டார் வைத்த விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். தினம் பதினைந்து மணி நேரம் சுழன்றால், இரு மாதத்தில் முந்தியதற்கு 67 யூனிட்டுக்குச் சற்று அதிகமும் பிந்தியதற்கு 27 யூனிட்டும் ஆகும். மூன்று விசிறிகளுள்ள வீட்டில் வித்தியாசம் 120 யூனிட்டைத் தாண்டுகிறது. இவ்வளவு தெளிவான விஷயத்தைச் சொல்லுவதற்கு, நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று, அதை வாட்டால் வகுத்தால் என்ன வரும் என்ற எண்ணைச் சீட்டில் போட்டிருக்கிறார்கள். அவ்வெண் பரிசோதனைச் சாலைக்கு வேண்டும். குடும்பஸ்தருக்கு வேண்டுவது நூறு மணிக்கு இத்தனை யூனிட் என்ற ஒரே எண். அதுவும் நட்சத்திரத்தைவிடப் பெரிய எழுத்தில். அதுவும் அவருடைய சொந்தப் பாஷையில். சீட்டில் உள்ள விவரங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் விற்கும் சாமானுக்குத் தமிழிலும், ஆந்திரத்தில் விற்பதற்குத் தெலுங்கிலும் நாலு வரி அச்சிட என்ன தடையென்பது நமக்கு விளங்கவில்லை. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்த முதலாளிகளுக்கு இது மட்டும் கஷ்டமாகிவிடாது.

அமெரிக்காவில் 2007ஆம் வருஷத்தில் திருத்திய சீட்டு முறைப்படி, வருஷத்துக்கு இத்தனை டாலர் செலவாகும் என்பதே கண்ணில் முதலில் படும்படி அச்சிடலானார்கள். நம்மிடம் மாகாணத்துக்கு மாகாணம் கட்டணம் வேறுபடுகிறபடியால் ரூபாய்க் கணக்கு ஒரே சீட்டில் பொருந்தாது என்பார்கள். அந்த ஆட்சேபணையில் நியாயம் உண்டு. அதனால்தான் யூனிட் கணக்கை வற்புறுத்துகிறோம். யூனிட் தெரிந்தால் நம்மவர் ரூபாயைத் தாமே பெருக்கிக்கொள்வார்.

இனி, செய்கிறவருடைய கஷ்டத்துக்கு வருவோம். பெரிய கம்பெனிகளுக்கு விதிகள் ஒரு பாரமல்ல. அவற்றைக் கவனிப்பதற்கென்றே தனிக் காரியாலயம் வைத்திருக்கிறார்கள். நாம் நினைப்பது பத்துப் பதினைந்து தொழிலாளரைக் கொண்டு விசிறியும் பம்பும் மோட்டாரும் செய்யும் சிறு பட்டறைக்காரரை. கூரை மின்விசிறிக்கு 2023ஆம் வருஷத்துத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அவசியமாயிற்று, நட்சத்திரச் சீட்டும் அவசியம். இரண்டுக்கும் ஆதாரம் ஐ.எஸ். 374 என்ற ஒரே தரநிர்ணயம்! முந்தியது ஒரு மந்திரியின் இலாகா. பிந்தியது மற்றொரு மந்திரியின் இலாகா. விசிறி ஒன்று, காற்று ஒன்று, அளக்கும் முறையும் ஒன்று. மனுக்கள் மாத்திரம் இரண்டு, கட்டணங்கள் இரண்டு. அங்கீகாரம் பெற்ற ஒரு பரிசோதனைச் சாலையின் ஒரு யாதாஸ்தை இரு இலாகாக்களும் ஏற்றுக்கொள்வதால் தேசத்துக்கு என்ன நஷ்டம் நேரும்? நிறமும் பெயரும் மூடியின் பூவேலையும் மட்டும் மாறிய சாமானுக்குப் புதிதாகச் சோதனை கேட்பதிலும் அர்த்தமில்லை. இம்மாதிரி முடிச்சுகளை அவிழ்ப்பதே மெய்யான எளிமை. இதைச் செய்யச் சட்டசபையைக் கூட்ட வேண்டுவதில்லை. இரண்டு அதிகாரிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும்.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன அவ்வூரில் பம்பைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற சாலையும் இருக்கிறது. விவசாயப் பம்புக்கு நட்சத்திரச் சீட்டு இஷ்டத்தின்பேரில் ஏற்பட்டது. ஆனால் விவசாயி அதைப் பார்த்தா வாங்குகிறார்? முப்பது வருஷங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மின்சாரத்துக்கு விலை கொடாதவருக்கு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பம்பு விலையேறிய பம்பு என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. மிச்சம் அவருக்குக் கிடைப்பதில்லை. வாரியத்துக்கும் சர்க்காருக்குமே கிடைக்கிறது. ஆகையால் நல்ல பம்புக்கும் சாதாரணப் பம்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சர்க்காரே கொடுப்பதுதான் முறை. குடியானவருக்குச் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்து பயனில்லை. சீட்டு எவ்வளவு எளிதாயிருந்தபோதிலும் அதைப் படிக்கக் காரணமில்லாதவர் படிக்கமாட்டார் என்பதை விதி செய்கிறவர்கள் சிலவேளை மறந்துவிடுகிறார்கள்.

எளிமையின் பெயரால் கைவிடக் கூடாத ஒன்றும் உண்டு; அதுதான் சோதனை. இவ்விஷயத்தில் அமெரிக்காவில் நடந்த வேடிக்கையை நேயர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1992ஆம் வருஷத்தில் அங்கே எனர்ஜி ஸ்டார் என்ற சிக்கன முத்திரை ஏற்பட்டது. கம்பெனிகள் சொல்லும் கணக்கை நம்பி முத்திரை வழங்குவது அக்காலத்து வழக்கம். முறை மிக எளிது. 2010ஆம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை இலாகாவார், இல்லாத கம்பெனிகளின் பெயரால் இல்லாத சாமான்களைக் கற்பித்து முத்திரை கேட்டார்கள். இருபது மனுக்களில் பதினைந்துக்கு முத்திரை கிடைத்துவிட்டது. அவற்றுள் பெட்ரோலில் ஓடும் அலாரக் கடிகாரம் ஒன்று! இறகுத் துடைப்பத்தை அறையைச் சூடாக்கும் மின்யந்திரத்தில் ஒட்டிய படத்தைக் காட்டி, காற்றைச் சுத்தி செய்யும் யந்திரமென்று சொன்ன மற்றொன்றும் மோசம் போகவில்லை. நாடு சிரித்தது. 2011 முதல் வெளியார் சோதித்து உறுதி சொன்னாலொழிய முத்திரை இல்லை என்று விதி செய்தார்கள். எளிமை என்று கேட்கிற கனவான்கள் இந்தக் கடிகாரத்தை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

சோதனை நடந்தால் மட்டும் போதாது, சோதனை வீட்டு உபயோகத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் தூசு உறிஞ்சும் யந்திரத்தைப் பை காலியாயிருக்கும்போது சோதித்துத் தரம் போட்டார்கள். யாருடைய வீட்டில் பை எந்நேரமும் காலியாயிருக்கிறது? ஒரு கம்பெனி வழக்காடிற்று. 2018 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்தச் சீட்டு விதியையே ரத்து செய்தது. நமது ஏ.ஸி. கணக்கின் 1600 மணியை இந்த வெளிச்சத்தில் பணியகத்தார் மறுபடி பார்ப்பது நலம்.

நம் நாட்டு விதியில் சோதனைக்கு இடமிருக்கிறது. பணியகத்தார் கடையிலிருந்து சாமானை எடுத்துச் சோதிக்கலாம். தவறினால் இரட்டிப்பு எண்ணிக்கையில் மறுபடியும் சோதிக்கலாம். அதிலும் தவறினால் கம்பெனியின் பெயரையும் சாமானின் பெயரையும் பத்திரிகையில் வெளியிடலாம். தண்டனை ஆதியில் பதினாயிரம் ரூபாயாக இருந்தது, 2010ஆம் வருஷத்துத் திருத்தத்தால் பத்து லக்ஷம் வரையில் உயர்ந்தது. ஏட்டில் குறையொன்றும் காணோம். ஆனால் இத்தேசத்தில் தினசரி வாசிக்கும் ஒருவர், இன்ன கம்பெனியின் இன்ன சாமான் சோதனையில் தவறிற்று என்ற விளம்பரத்தைத் தம் ஆயுளில் எத்தனை முறை கண்டிருப்பார்? தாமே நினைத்துப் பார்க்கட்டும். பாபக்காரரின் பெயரைச் சொல்லக் கூசும் சட்டம், யோக்கியமாய்ச் சாமான் செய்கிறவரையே தண்டிக்கிறது; ஏனெனில் நல்ல தாமிரமும் நல்ல இரும்பும் போட்டு விலையேறச் செய்தவர், பொய்ச் சீட்டு ஒட்டி விலைகுறைய விற்பவரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

விதிகள் அத்தனையையும் எடுத்துவிடலாம், போட்டியே எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று சொல்லுவோரும் இல்லாமலில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லும் யோசனை அது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். புடவையை விரித்துப் பார்க்கலாம். யந்திரத்துக்குள் ஓடும் மின்சாரத்தை எந்தக் கண் பார்க்கும்? பார்க்க முடியாத சரக்கில் போட்டி நடப்பது அளவு சொல்லுகிறவர் ஒருவர் இருந்தால்தான்.

சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகளும், நுகர்வோர் சங்கங்களில் உழைக்கும் அன்பர்களும் இவ்விஷயத்தைக் கேள்வி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். சென்ற வருஷத்தில் கடைகளிலிருந்து எத்தனை சாமான்கள் எடுத்துச் சோதிக்கப்பட்டன, எத்தனை தவறின, தவறியவற்றின் பெயர் எந்தத் தேதியில் எந்தப் பத்திரிகையில் வெளியாயிற்று என்று மின்சார மந்திரியைக் கேட்கட்டும். ஒரே சோதனையை இரு இலாகாக்களும் ஒப்புக்கொள்ளும் நாள் எது என்பதையும் கூடவே கேட்கட்டும். சிறு பட்டறைக்காரருக்குச் சலுகை காட்டுவதானால் அதை மனுக்களின் எண்ணிக்கையிலும் கட்டணத்திலும் காட்டுவதே முறை. கடையில் எடுக்கும் சோதனையில் ஒருவருக்கும் சலுகை கூடாது. நூறு மணிக்கு இத்தனை யூனிட் என்ற வரியைத் தமிழில் அச்சிடுவதற்கு மந்திரியார் எவ்வளவு அவகாசம் வேண்டுவார் என்பதை அறிய நாமும் ஆவலாயிருக்கிறோம்.